ஏப்ரலில் பிளட் மலையில் ஓர் இரவு: நால்வருக்கு வழி சொல்லுங்கள்

காவிரிக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங் பக்கத்தில் வசிக்கும் நாங்கள் நால்வரும் திருச்சியில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள். இப்போது நாற்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகளின் வசந்த விடுமுறை முடிந்த பிறகு, ஏப்ரல் நடுவில் வரும் ஒரு சனி ஞாயிறில், முதுகில் பையும் கூடாரமுமாகப் புறப்பட்டு ஓர் இரவு காட்டில் தங்கிவர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். இதுவரை நாங்கள் நடந்ததெல்லாம் காலையில் போய் மாலையில் திரும்பும் நடைகள்தாம். அமிகலோலா அருவியின் 604 படிகளை இரண்டு முறை ஏறியிருக்கிறோம். கென்னசா மலைக்கு மாதம் ஒரு முறையாவது போகிறோம். ஆனால் சுமையோடு நடந்த பழக்கமும் குளிரில் வெளியே உறங்கிய பழக்கமும் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

எங்கள் திட்டம் இது. அப்பலாச்சியன் நெடுந்தடத்தில், ஜார்ஜியாவின் 60ஆம் எண் சாலை கடக்கும் வூடி கேப் என்ற மலைக்கணவாயில் ('கேப்' என்றால் இங்கே கணவாய்) சனிக்கிழமை காலை ஏறி, பிளட் மலை உச்சிவரை எட்டரை மைல் நடந்து, அங்குள்ள பழைய கல் வீட்டில் இரவைக் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டு இரண்டரை மைல் இறங்கி நீல் கேப்பில் முடிப்பது. ஒரு காரை அங்கும் ஒரு காரை இங்கும் நிறுத்திக்கொள்வோம்.

கேட்க வேண்டியவை சில உள்ளன. முதல் முறை போகிறவர்களுக்கு இத்திட்டம் பொருந்துமா? எங்களில் ஒருவருக்கு வலது முழங்காலில் தேய்மானம் இருக்கிறது; ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போது வலி எடுக்கும். அவரை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனம் இல்லை. உணவைக் கரடியிடமிருந்து காக்கும் 'கரடிப் பெட்டி' கட்டாயம் என்று ஒருவர் சொல்கிறார், இல்லை என்று இன்னொருவர் சொல்கிறார், எது சரி? நால்வரில் மூவர் சைவம் என்பதால் சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப் போகலாம் என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

மலைத்தடம்:

வணக்கம் நண்பரே. நல்ல பருவத்தைத் தேர்ந்திருக்கிறீர்கள். ஏப்ரல் நடுவில் மேல்மலையில் மரங்கள் இன்னும் முழுதாகத் துளிர்த்திருக்காது. கோடையில் இலை மறைக்கும் மலைத்தொடர்கள் எல்லாம் கிளைகளுக்கு இடையே தெரியும். அந்த இலை மூடுவதற்குள் வெயிலைக் குடித்துவிடும் அவசரத்தில் டிரில்லியம் போன்ற தரைப்பூக்கள் பாதையோரம் எங்கும் பூத்திருக்கும். மூன்று வாரம் பிந்தினால் இந்தக் காட்சி கிடைக்காது.

ஆனால் உச்சியில் தங்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். 4,458 அடி உயரமுள்ள அந்த உச்சிதான் இந்த நெடுந்தடத்தின் ஜார்ஜியாப் பகுதியிலேயே உயரமானது. 1930களில் அரசின் வேலைத்திட்ட இளைஞர் படையினர் கட்டிய அந்தக் கல் வீடு பார்க்க அழகானதே தவிர, அங்கே தண்ணீர் இல்லை. நெருப்பு மூட்டவும் அனுமதி இல்லை. நால்வருக்கு இரவுக்கும் காலைக்கும் வேண்டிய நீரைக் கீழிருந்தே சுமக்க வேண்டும், அதுவும் எட்டரை மைல் நடந்த கால்களோடு. கரடிப் பெட்டியைப் பொறுத்தவரை, ஜாரர்டு கேப்புக்கும் நீல் கேப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் மார்ச் 1 முதல் ஜூன் 1 வரை இரவு தங்குகிறவர்கள் உணவைக் கரடி திறக்க முடியாத கெட்டிப் பெட்டியில்தான் வைத்திருக்க வேண்டும் என்று வனத்துறை விதித்திருக்கிறது. உச்சி அந்த எல்லைக்குள் வருகிறது.

மாற்று வழி எளிது. வூடி கேப்பிலிருந்து ஏறக்குறைய நான்கு மைலில் லான்ஸ் கிரீக் என்ற ஓடை இருக்கிறது. கூடாரம் போடுவதற்கென்றே சமன்படுத்திய இடங்கள் அங்கு உள்ளன, தண்ணீரும் அருகிலேயே ஓடுகிறது. அது ஜாரர்டு கேப்புக்குத் தெற்கே இருப்பதால் பெட்டி விதி அங்கே கட்டாயம் இல்லை. முதல் நாள் நான்கு மைல், மறுநாள் ஏழு மைல் என்று பிரித்துக்கொண்டால், உச்சிக்கு மறுநாள் முற்பகலில் உறங்கியெழுந்த தெம்போடு போய்ச் சேரலாம்.

இனி நான் சொல்லப்போவதை நால்வரும் சேர்ந்து படியுங்கள். இந்த மலையில் ஏப்ரல் மாதத்தில் ஆபத்து தூரத்திலோ கரடியிலோ இல்லை. நனைந்த உடம்பின் மேல் படும் காற்றில்தான் இருக்கிறது. அட்லாண்டாவை விட உச்சி 3,400 அடி உயரம். ஆயிரம் அடிக்கு மூன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் குறையும் என்று கணக்குப் போட்டாலே, நகரத்தில் அரைக்கைச் சட்டையோடு நீங்கள் புறப்படும் நாளில் அங்கே 12 டிகிரி குறைவாக இருக்கும். மழையும் காற்றும் சேர்ந்தால் இன்னும் குறையும். டாக்வுட் மரம் பூக்கும் நாட்களில் திரும்பி வரும் குளிருக்கு 'டாக்வுட் குளிர்காலம்' என்றும், பிளாக்பெர்ரி பூக்கும்போது வருவதற்கு 'பிளாக்பெர்ரி குளிர்காலம்' என்றும் இப்பகுதி மக்கள் பெயரே வைத்திருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் முதல் வாரத்தில் நாங்கள் ஆறு பேர் இதே வழியில் போனோம். ஒருவர் ஜீன்ஸும் பருத்தி மேலாடையும் அணிந்திருந்தார். நானும் அதைக் கண்டும் சொல்லாமல் இருந்துவிட்டேன். நண்பகலில் பிடித்த மழை இரண்டு மணி நேரம் விடவில்லை. ஜாரர்டு கேப்பை நெருங்கும்போது அவர் பேச்சு நின்றுபோனதைக் கவனித்தேன். தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பையை இறக்கச் சொன்னால், மார்புப் பட்டையின் கொக்கியை விரல்களால் அழுத்த முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணும் இல்லை" என்று அவர் சொன்ன இரண்டு சொற்களும் நாக்கில் புரளவில்லை. உடனே ஒரு கூடாரத்தை விரித்து, ஈர உடையை முழுவதும் கழற்றி, வேறொருவரின் உலர்ந்த கம்பளி உடையைப் போட்டு, உறக்கப் பைக்குள் நுழைத்து, சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேநீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். நடுக்கம் அடங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜாரர்டு கேப்பிலிருந்து நீலக் குறியிட்ட கிளைப்பாதை ஒன்று வின்ஃபீல்டு ஸ்காட் ஏரிக்கு ஒரு மைல் சொச்சத்தில் இறங்குகிறது; அவ்வழியாகத்தான் அவரைக் கீழே கொண்டுவந்தோம். பாதியில் விலக வேண்டி வந்தால் உங்களுக்கும் அதுதான் வழி. வரைபடத்தில் இப்போதே குறித்துவையுங்கள்.

ஆகவே பருத்தி வேண்டவே வேண்டாம், உள்ளாடையும் காலுறையும் உட்பட. இரவு போட்டுக்கொள்ளும் உடை ஒரு செட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, என்ன நடந்தாலும் கூடாரத்துக்குள் போகும்வரை அதைத் தொடாதீர்கள்.

தேன்சிட்டு:

காவிரிக்கரையான் அண்ணா, மலைத்தடம் சொன்னவற்றில் குளிரைப் பற்றியதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் முழங்கால் வலி உள்ளவரை அழைத்துக்கொண்டு அவர் சொன்ன திசையில் போவதை நான் ஏற்கவில்லை. எனக்கும் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அந்த இறக்கத்தை இரண்டு முறை இறங்கியிருக்கிறேன்.

பிளட் மலையிலிருந்து நீல் கேப்பை நோக்கி இறங்கும் பாதையில் பெரிய பாறைப் பரப்புகள் சாய்வாக வரும். ஈரமாக இருந்தால் பாதம் நிற்காது. காய்ந்திருந்தாலும் ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையோடு பையின் எடையும் முழங்காலில் இறங்கும். நடையின் கடைசி இரண்டரை மைலில், தசைகள் களைத்துப்போன நேரத்தில், 1,300 அடி இறக்கத்தை அந்த நண்பருக்குக் கொடுக்காதீர்கள். திசையைத் திருப்புங்கள்.

நீல் கேப்புக்கு அருகில் பைரன் ரீஸ் வாகன நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து முக்கால் மைல் கிளைப்பாதை நெடுந்தடத்தில் சேர்கிறது. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குள் அங்கே நடையைத் தொடங்கினால், அந்தச் செங்குத்தை ஏற்றமாகக் கடப்பீர்கள். உங்கள் நண்பருக்கு ஏற்றத்தில் வலி இல்லை என்றுதானே சொன்னீர்கள்? உச்சியில் மதிய உணவு. பிறகு லான்ஸ் கிரீக்குக்கு நாலரை மைல். இறக்கம்தான், ஆனால் மண் பாதை, வளைந்து வளைந்து இறங்கும். அன்றைய தூரம் ஏழு மைலுக்குச் சற்றே குறைவு. ஏப்ரல் நடுவில் எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும். ஆகவே விரைய வேண்டிய தேவையே இல்லை. நண்பரை வரிசையில் கடைசியில் விடாமல் இரண்டாவதாக நடக்கவையுங்கள், முன்னால் போகிறவர் அவர் காலடி ஓசையைக் கேட்டு நடக்கட்டும். கடைசியில் வருகிறவர் ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் ஓய்ந்து எழும் நேரத்தில்தான் வந்து சேருவார். அவருக்கு ஓய்வே கிடைக்காது. கைத்தடி இரண்டும் அவருக்குக் கட்டாயம்.

சூரிய உதயமும் கைவிட்டுப் போகாது. வூடி கேப்புக்கு ஒரு மைல் முன்பாக, பெரிய சீடர் மலையில், பிரீச்சிங் ராக் என்ற திறந்த பாறை உள்ளது. கிழக்கும் தெற்கும் விரிந்து தெரியும். லான்ஸ் கிரீக்கிலிருந்து ஏறக்குறைய 800 அடி ஏற்றத்தோடு மூன்று மைலுக்குச் சற்றுக் குறைவான தூரம். ஐந்து மணிக்கு முன்பே நெற்றி விளக்கோடு கிளம்பினால் ஏழு மணிச் சூரியனுக்குப் போய்விடலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நெருப்பு மூட்டுவதை நம்ப வேண்டாம். சிறிய வாயு அடுப்பு ஒன்று போதும். ரவையை வீட்டிலேயே நெய்யில் வறுத்து, கடுகு, உளுந்து, முந்திரி, காய்ந்த கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்து ஆறவைத்து ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். கொதிநீரை ஊற்றி மூடி ஏழெட்டு நிமிடம் வைத்தால் உப்புமா. கெட்டி அவலுக்கு அடுப்புகூட வேண்டாம். தண்ணீர் தெளித்து ஊறவைத்துப் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் போதும். நடக்கும்போது கடலை மிட்டாய், பேரீச்சை, வறுத்த முந்திரி. சனிக்கிழமை மதியத்துக்கு மட்டும் வீட்டில் செய்த சப்பாத்தியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுபோங்கள். எண்ணெய்ப் பலகாரங்களைத் தவிர்க்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன், குளிரில் உடம்பு கொழுப்பைக் கேட்கும்.

காவிரிக்கரையான்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. திசையை மாற்றுவது என்று நேற்றிரவே நால்வரும் பேசி முடிவெடுத்துவிட்டோம். முழங்கால் வலியுள்ள நண்பருக்கு அதில் மிகுந்த நிம்மதி. தன்னால் மற்றவர்களுடைய நடை கெடுமோ என்று அவர் இதுவரை எங்களிடம் சொல்லாமலே கலங்கியிருக்கிறார்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். எங்களிடம் உள்ள உறக்கப் பைகளில் '40 டிகிரி' (ஃபாரன்ஹீட்) என்று போட்டிருக்கிறது. அந்த வாரத்து இரவுக் குளிர் 38 என்று வந்தால், இரண்டு டிகிரி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் அல்லவா? புதிதாக நான்கு பைகள் வாங்குவது பெரிய செலவு.

மலைத்தடம்:

தேன்சிட்டு சொன்ன திசையே உங்களுக்குச் சரி. முழங்காலை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

பையில் எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் நீங்கள் சுகமாக உறங்கும் வெப்பநிலை அன்று. அதற்கும் கீழே போனால் தாங்காது என்னும் எல்லை. 40 என்று போட்ட பையில் 38 டிகிரி இரவைக் கழித்தால் உறக்கம் வராது. 20 டிகிரிப் பையாக இருந்தால் ஏப்ரலுக்குக் கவலையில்லை. வாங்க வேண்டாம், தெரிந்தவர்களிடம் கடன் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மலையேற்றப் பொருட்களை வாடகைக்கு விடும் கடைகளில் விசாரியுங்கள்.

பையைவிட முக்கியமானது அடியில் விரிக்கும் மெத்தை. உறக்கப் பையில் உடம்பின் எடையில் நசுங்கிய பஞ்சு குளிரைத் தடுக்காது; தரை இரவெல்லாம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்று மெத்தைக்கு அடியில் மெல்லிய நுரைப் பாய் ஒன்றைச் சேர்த்து விரித்துப் பாருங்கள், வித்தியாசம் முதுகுக்குத் தெரியும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாமல் போவது. தண்ணீர் வடிகட்டும் கருவியை ஒரு முறை பயன்படுத்திய பிறகு உள்ளே ஈரம் தங்கியிருக்கும். இரவில் அது உறைந்தால் உள்ளிருக்கும் நுண்குழல்கள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் மறுநாள் குடிக்கும் நீர் வடிகட்டப்பட்டதாக இருக்காது. ஆகவே அதை ஒரு பையில் போட்டு உறக்கப் பைக்குள்ளேயே கால்மாட்டில் வைத்துக்கொண்டு உறங்குங்கள்.

சுமையைப் பற்றி: உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என்பது பொதுவான அளவு. இந்த வாரமே பையை நிரப்பி, அதைச் சுமந்துகொண்டு கென்னசா மலையில் ஒரு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். தோளில் எந்தப் பட்டை அறுக்கிறது என்பதை வீட்டுக்குப் பக்கத்தில் அறிந்துகொள்வது நல்லது.

பழைய சாரணர்:

சுருக்கமாகச் சில. லான்ஸ் கிரீக்கில் கரடிப் பெட்டி சட்டப்படி கட்டாயம் இல்லை என்று நண்பர் சொன்னது சரியே. ஆனாலும் எடுத்துப் போங்கள் என்பது என் கருத்து. குளிர்காலம் முழுதும் உண்ணாமல் கிடந்த கருங்கரடிகள் பசியோடு நடமாடும் மாதங்கள் இவை. மனிதரிடம் ஒரு முறை உணவு கண்ட கரடி அந்த இடத்தை மறக்காமல் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை வரும். இரண்டரை பவுண்டு எடையுள்ள பெட்டி இரண்டு இருந்தால் நால்வரின் ஓர் இரவு உணவும் அடங்கும். பற்பசை, சோப்பு, உதட்டுத் தைலம் போன்ற வாசனைப் பொருட்களும் அதற்குள்தான் போக வேண்டும். பெட்டியைக் கூடாரத்திலிருந்து நூறு அடி தள்ளித் தரையில் வையுங்கள், மரத்தில் கட்ட வேண்டாம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தப் பாதையில் நீங்கள் தனியாக இருக்க மாட்டீர்கள். ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலம்வரை 2,190 மைலுக்கு மேல் நடக்கக் கிளம்பியவர்கள் இப்போதுதான் தங்கள் முதல் வாரத்தில் இவ்வழியே வந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் இருட்டியதும் உறங்கிவிடுவார்கள்; நண்பர்கள் கூடினால் நம் குரல் தானாகவே உயரும் என்பதை நினைவில் வையுங்கள். கூட்டம் மிகுந்த இந்த வாரங்களில் வாந்திபேதி பரப்பும் நோரோ வைரஸும் தடத்தில் சுற்றும். கைக்குத் தேய்க்கும் சாராயக் கரைசல் அதை முழுதாக அழிக்காது. ஓடையிலிருந்து தள்ளிப் போய்ச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுவதே வழி. மலம் கழிப்பதற்கு நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி வெட்டி மூடுங்கள். காகிதத்தைத் திரும்ப எடுத்துவாருங்கள். சிறு மண்வெட்டியைப் பையின் வெளிப்பக்கத்தில் செருகிக்கொள்ளுங்கள், அவசரத்தில் தேட நேரம் இருக்காது.

இடி முழங்கினால் உச்சிப் பாறையில் ஒரு நிமிடமும் நிற்காமல் இறங்கிவிடுங்கள்.

காவிரிக்கரையான்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். போய் வந்துவிட்டோம், நால்வரும் நலம்.

பைரன் ரீஸிலிருந்து உச்சிக்கு ஏற எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கல் வீட்டின் வாசலில் ஈரக் காலுறைகளைப் பாறையில் விரித்து உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர், மெய்ன்வரை போகிறவர், எங்கள் எலுமிச்சை ஊறுகாயைச் சப்பாத்தியோடு தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். பாதி பாட்டிலை அவரிடமே கொடுத்துவிட்டோம். மாலை ஐந்தரைக்கு லான்ஸ் கிரீக்கை அடைந்தோம். உப்புமா நன்றாக வந்தது. எட்டரை மணிக்கு மேல் விப்பூர்வில் பறவை ஒன்று ஓடைக்கு அக்கரையில் கூவத் தொடங்கியது. எண்ணிக்கொண்டே கிடந்து எண்ணிக்கை தவறிய பிறகும் அது நிறுத்தவில்லை.

இரவு குளிர் 36 டிகிரிக்கு இறங்கியது. மூவருக்கு 20 டிகிரிப் பைகள் கடனாகக் கிடைத்தன. நான்காவது ஆள் நான். நுரைப் பாயும் உலர்ந்த உடையும் இருந்ததால் சமாளித்தேன், ஆனாலும் மூன்று மணிக்கு மேல் உறங்கவில்லை. மலைத்தடம் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்.

நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். நெற்றி விளக்கின் ஒளி மரங்களில் இருக்கும் வெள்ளைக் குறிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுக்கொண்டே வந்தது. முழங்கால் வலியுள்ள நண்பரை இரண்டாவதாக விடச் சொன்னீர்கள் அல்லவா, தேன்சிட்டு அவர்களே. பாதி வழியில் அவரே முன்னால் போய்விட்டார், அவர் வேகத்துக்கே மற்ற மூவரும் நடந்தோம். பிரீச்சிங் ராக்கை அடைந்தபோது கீழ்வானம் வெளுத்திருந்தது. பாறை பனியில் ஈரமாக இருந்ததால் நுரைப் பாயை விரித்து நால்வரும் நெருக்கி உட்கார்ந்தோம். அடுப்பில் பால்பொடித் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது சூரியன் வந்தது. நண்பர் பூட்ஸைக் கழற்றி முழங்காலை நீவிக்கொண்டே, அக்டோபரில் ஸ்பிரிங்கரிலிருந்து வூடி கேப்வரை இருபது மைலை இரண்டு இரவாகப் போகலாமா என்று கேட்டார். அந்தப் பகுதியில் தண்ணீர் எங்கெங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.